பாலிகோண்ட்வானாலாண்ட்: இந்த ஆல்பத்தை நாமளே சிடி, கேசட் போடுறது எப்படி

மெல்போர்ன் பக்கத்து சைக்கடெலிக் ராக் பேண்ட் கிங் கிஸார்ட் அண்ட் தி லிசார்ட் விசார்ட், 2017ல ஒரே வருஷத்துல அஞ்சு ஆல்பம் விட்டாங்க, அதுல நாலாவதா நவம்பர் 17 அன்னிக்கு வந்ததுதான் பாலிகோண்ட்வானாலாண்ட். காசே வேணாம், சும்மா இறக்கிக்கோங்கன்னாங்க, அதோட நிக்காம மாஸ்டர் ஆடியோ, கவர் படம் எல்லாத்தையும் குடுத்து கேசட் போடுங்க, சிடி போடுங்க, வினைல் ரெக்கார்டே அடிச்சுக்கோங்க, இது எங்களோடது இல்ல உங்களோடதுன்னு சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் சின்ன ரெக்கார்டு கம்பெனிகளும் ரசிகர்களும் போட்ட பதிப்பு மட்டும் நூத்துக்கணக்குல இருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்ச பேண்ட் இப்படி ஒரு காரியம் பண்ணதுல இன்னிக்கும் மனசு நெறஞ்சு போகுது, அதனால வீட்டுலயே எப்படி ஒழுங்கா ஒரு காப்பி போடுறதுன்னு எழுதுறேன்.

ஃபைலை பேண்டோட சைட்ல இருந்தே எடுங்க, எம்பி3 வேணாம், சுருக்காத வேவ் ஃபைல் எடுங்க. காரணம் இருக்கு. எம்பி3 பண்ணும்போது பாட்டோட முன்னாடியும் பின்னாடியும் துளி அமைதி சேர்ந்துக்கும், தனிப்பாட்டுல அது தெரியவே தெரியாது, ஆனா இந்த ஆல்பத்துல இன்னர் செல், லாயல்டி, ஹொராலஜி மூணும் ஒரே பாட்டு மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணு போகும், கடைசி மூணும் அப்படித்தான், அங்க கண்ணை இமைக்கிற நேரம் சத்தம் நின்னாலும் காதுல குத்தும்.

நான் முதல்ல போட்ட சிடியில இதுதான் நடந்துச்சு. எட்டாவது பாட்டு டெட்ராக்ரோமசி முடிஞ்சு ஒன்பதாவது பாட்டு சர்ச்சிங்குக்குள்ள அப்படியே வழுக்கிட்டுப் போக வேண்டிய இடத்துல ரெண்டு செகண்ட் மயான அமைதி. சிடி பர்ன் பண்ற, அதாவது சிடியில எழுதுற சில சாஃப்ட்வேர் நாம சொல்லாமலே பாட்டுக்கு நடுவுல ரெண்டு செகண்ட் இடைவெளி வச்சுடும். அதனால பர்ன் பண்றதுக்கு முன்னாடி செட்டிங்ஸ்ல போய் அந்த கேப்பை சைபர் ஆக்குங்க, முழு சிடியையும் ஒரே மூச்சுல எழுதுற டிஸ்க் அட் ஒன்ஸ்னு ஒரு ஆப்ஷன் இருந்தா அதை போடுங்க. பழைய விண்டோஸ் மீடியா பிளேயர்னா கேப் இல்லாம பர்ன் பண்ணுன்னு ஒரு டிக் இருக்கும். பக்கத்துலயே எல்லா பாட்டுக்கும் வால்யூமை சமமாக்குற டிக் இருக்கும் பாருங்க, அதை கண்டிப்பா எடுத்துடுங்க, பத்து நிமிஷத்துக்கு மேல ஓடுற முதல் பாட்டு க்ரம்ப்ளிங் காஸில் மெதுவா ஏறி கடைசியில இடி மாதிரி இறங்கும், அந்த ஏத்த இறக்கம்தான் ஆல்பமே.

மத்ததெல்லாம் சுலபம். 700 எம்பி சிடி ஆர் ஒண்ணு போதும், 80 நிமிஷம் பிடிக்கும், ஆல்பம் 44 நிமிஷத்துக்குள்ள முடிஞ்சுடும். லேப்டாப்ல டிரைவ் இல்லன்னா யூஎஸ்பி டிவிடி ரைட்டர். டேட்டா சிடி இல்ல, ஆடியோ சிடின்னு செலக்ட் பண்ணுங்க.

கேசட்டுக்கு 60 நிமிஷ கேசட் வாங்குங்க. ஏ சைடுல முதல் நாலு பாட்டு, பி சைடுல மீதி ஆறு. பி சைடு 23 நிமிஷத்தைத் தாண்டும், அதனால ஒரு சைடுக்கு 23 நிமிஷமே பிடிக்கிற 46 நிமிஷ கேசட்டை நம்பாதீங்க, கடைசி பாட்டு தி ஃபோர்த் கலர் முடியுறதுக்குள்ள டேப் தீர்ந்துடும். லேப்டாப்போட ஹெட்ஃபோன் ஓட்டைல இருந்து கேசட் டெக்கோட லைன் இன்னுக்கு கேபிள் குடுத்துட்டு, லெவல் வைக்கும்போது பாட்டோட ஆரம்பத்தை வச்சு வைக்காதீங்க, க்ரம்ப்ளிங் காஸிலோட கடைசி நிமிஷத்தை ஓடவிட்டு மீட்டர் எப்பவாவது மட்டும் சிவப்பைத் தொடுற மாதிரி வைங்க. இன்னொண்ணு, கேசட் ஆரம்பத்துல ரெக்கார்டே ஆகாத ஒரு நிறமில்லாத துண்டு இருக்கும், பென்சிலை சக்கரத்துக்குள்ள விட்டு பழுப்பு டேப் கண்ணுக்குத் தெரியுற வரைக்கும் சுத்திட்டு அப்புறம் ரெக்கார்ட் அமுக்குங்க, இல்லன்னா முதல் கிட்டார் சத்தம் பாதியில இருந்துதான் வரும். முடிஞ்சதும் மேல இருக்குற ரெண்டு பிளாஸ்டிக் காதையும் உடைச்சுடுங்க, யாரும் மேல அழிச்சு பதிய முடியாது.

சிடி கவரை 12க்கு 12 சென்டிமீட்டர்ல டிஜிட்டல் பிரிண்ட் கடையில ஆர்ட் பேப்பர்ல எடுங்க, சாதா ஜெராக்ஸ் பேப்பர்ல அந்தக் கலரெல்லாம் செத்துப் போயிடும். பின்னாடி பாட்டு பேரோட, தி காஸில் இன் தி ஏர்ல கதை சொல்ற குரல் லியா சீனியரோடதுன்னும் போடுங்க, அவங்க பேரு விட்டுப் போகக்கூடாது.

ஒரு விஷயம், இந்த அனுமதி அவங்களோட எல்லா ஆல்பத்துக்கும் கிடையாது. அப்புறமா பூட்லெக்கர்னு ஒரு ஏற்பாட்டுல நிறைய லைவ் ரெக்கார்டிங்கை இதே மாதிரி திறந்து விட்டாங்க, அதுல நீங்க அடிச்சு வெளியிட்டா கொஞ்சம் காப்பியை பேண்டுக்கு அனுப்பணும்னு நிபந்தனை இருக்கு, படிச்சுட்டு பண்ணுங்க.

சிடி வெளிய வந்ததும் பர்ன் பண்ண டிரைவ்லயே போட்டுப் பார்க்காம வேற பிளேயர்ல போடுங்க, நேரா எட்டாவது பாட்டோட கடைசி பத்து செகண்டுக்குப் போய் கண்ணை மூடிட்டு கேளுங்க, ஒன்பதாவது எங்க ஆரம்பிச்சதுன்னு உங்களால சொல்ல முடியலன்னா சிடி சரியா வந்திருக்கு.