டொராண்டோவில் மாலை ஏழரை என்றால் பெங்களூரில் எத்தனை மணி?

பெங்களூரில் வீட்டில் இருந்தபடியே டொராண்டோ இலக்கியச் சந்திப்பு, சிங்கப்பூர் கவிதை வாசிப்பு, லண்டன் பாட்டு வகுப்பு என்று எதில் வேண்டுமானாலும் நேரலையில் உட்காரலாம், தமிழில் இப்போது அவ்வளவு நடக்கிறது. ஆனால் அழைப்பில் 'சனிக்கிழமை மாலை 7:30' என்று மட்டும் இருந்தால், அது எந்த ஊர்ச் சனிக்கிழமை என்று தெரியாமல் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் மணியைப் பார்க்கும் முன் ஊரைப் பாருங்கள், அப்புறம் தேதியை. இந்த இரண்டும் கையில் இருந்தால் மீதி வெறும் கூட்டல் கழித்தல்.

நம் நேரம் யுடிசி என்கிற உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. ஆண்டு முழுக்க அப்படியேதான், நாம் கடிகாரத்தை மாற்றுவதில்லை. சிங்கப்பூரும் மலேசியாவும் மாற்றுவதில்லை, நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம். இவற்றை ஒருமுறை மனப்பாடம் செய்தால் போதும். சிங்கப்பூரில் இரவு 8 என்றால் நமக்கு மாலை 5:30, என்றைக்கும்.

குழப்பமெல்லாம் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும் ஊர்களில்தான். அமெரிக்கா, கனடா இரண்டிலும் பெரும்பாலான இடங்களில் மார்ச் இரண்டாவது ஞாயிறு தள்ளுகிறார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பழையபடி வைக்கிறார்கள். பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் மார்ச் கடைசி ஞாயிறு தள்ளி அக்டோபர் கடைசி ஞாயிறு திருப்புகின்றன. ஆகவே டொராண்டோ, நியூயார்க் நம்மைவிடக் கோடையில் ஒன்பதரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. லண்டன் கோடையில் நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை. சிட்னி பூமியின் தென்பாதியில் இருப்பதால் எல்லாம் தலைகீழ்: அக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரை நம்மைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால், மற்ற மாதங்களில் நாலரை. பக்கத்து மாநிலத்து பிரிஸ்பேன் மாற்றுவதே இல்லை, அதற்கு எப்போதும் நாலரைதான்.

இதில் உண்மையாகவே ஆளைக் கவிழ்ப்பது அமெரிக்கா, கனடா பக்கமும் ஐரோப்பாவும் ஒரே நாளில் மாறாததால் வரும் இடைப்பட்ட வாரங்கள். 2026இல் அது மார்ச் 8 முதல் 29 வரை, பிறகு அக்டோபர் 25 முதல் நவம்பர் 1 வரை. டொராண்டோக்காரர்கள் வாராவாரம் சனிக்கிழமை காலை 10 மணிக்கு ஒரு கூட்டம் நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி முழுக்க அது லண்டனில் பிற்பகல் 3, நமக்கு இரவு 8:30. மார்ச் 14 அன்று அதே கூட்டம் லண்டனில் பிற்பகல் 2, நமக்கு இரவு 7:30. யாரும் எதையும் மாற்றி அறிவிக்கவில்லை, டொராண்டோவில் அது இன்னும் காலை 10தான், ஆனால் நாம் வழக்கம்போல் எட்டரைக்குப் போய் நின்றால் பேச்சு முடிந்து கேள்வி நேரம் ஓடிக்கொண்டிருக்கும். அதுவே வாரநாள் கூட்டமாக இருந்தால் இன்னும் கஷ்டம். எட்டரை என்றால் அலுவலகம் முடிந்து சாப்பிட்டுவிட்டு உட்காரலாம், ஏழரைக்குப் பலரும் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில்தான் நிற்போம்.

அறிவிப்பில் வரும் சுருக்கெழுத்துகளை நான் நம்புவதில்லை, நீங்களும் நம்ப வேண்டாம். ஈஎஸ்டி என்பது கிழக்கு அமெரிக்காவின் குளிர்கால நேரம், ஆனால் ஜூலையிலும் பழக்கத்தில் அதையே போட்டுவிடுவார்கள், அப்படியே எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் ஒரு மணி நேரம் தவறும். சிஎஸ்டி அமெரிக்காவுக்கும் உண்டு, சீனாவுக்கும் உண்டு. நம்முடைய ஐஎஸ்டி என்ற மூன்று எழுத்தையே அயர்லாந்தும் இஸ்ரேலும் பயன்படுத்துகின்றன. ஊர்ப் பெயர் இல்லாவிட்டால் நடத்துபவருக்கு ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

மனக்கணக்கு வேண்டுமென்றால் கலிபோர்னியாவுக்கு நல்ல வழி இருக்கிறது. காலையை இரவாக, மாலையை மறுநாள் காலையாக மாற்றி, கோடையில் அரை மணி, குளிர்காலத்தில் ஒன்றரை மணி கூட்டுங்கள். அங்கே காலை 9 என்றால் நமக்குக் கோடையில் அன்று இரவு 9:30, குளிர்காலத்தில் 10:30. கிழமையை மட்டும் மறக்காதீர்கள். டொராண்டோவின் சனிக்கிழமை மாலை 7:30 நமக்கு ஞாயிறு விடியற்காலை, கோடையானால் 5, குளிர்காலமானால் 6.

கணக்கே வேண்டாம் என்பவர்கள் டைம் அண்ட் டேட் தளத்தில் ஊரையும் நிகழ்ச்சித் தேதியையும் கொடுத்துப் பார்க்கலாம். தேதி கேட்காத நேரமாற்றித் தளங்கள் இன்றைய வித்தியாசத்தை வைத்தே பதில் சொல்லிவிடக்கூடும், அடுத்த மாத நிகழ்ச்சிக்கு அது சரியாக வராமல் போகலாம். அதைவிட நல்லது கூகுள் காலண்டர். நிகழ்ச்சியைச் சேர்க்கும்போது நேரத்தை நீங்கள் மாற்றிப் போடாமல், நேர மண்டலத்தில் டொராண்டோ இருக்கும் கிழக்கு நேரத்தைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் சொன்ன 10 மணியையே போடுங்கள். வாராவாரம் வரும் கூட்டமாக இருந்தால் மார்ச்சில் அதுவே நகர்ந்துகொள்ளும். யூடியூப் நேரலை என்றால் தொடங்கும் நேரத்தை உங்கள் கருவியின் நேரத்திலேயே காட்டிவிடும். ஆனால் ஒன்று: அமெரிக்க வாடிக்கையாளருக்காக வேலை செய்யும் இந்த ஊர்க்காரர்கள் சிலரின் மடிக்கணினி அமெரிக்க நேரத்தில் இருக்கும், அப்போது அது காட்டுவதும் அமெரிக்க நேரம்தான். திரை மூலையில் இருக்கும் மணியை ஒருமுறை கைப்பேசியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நீங்களே கூட்டம் நடத்துகிறீர்களா? அறிவிப்பை இப்படி எழுதுங்கள்: '14 மார்ச் 2026, சனிக்கிழமை. டொராண்டோ காலை 10:00, லண்டன் பிற்பகல் 2:00, இந்தியா, இலங்கை இரவு 7:30, சிங்கப்பூர் இரவு 10:00.' எந்த ஊருக்காவது கிழமை மாறினால் அதையும் பக்கத்திலேயே போடுங்கள். நள்ளிரவு 12 என்று எழுதாமல் இரவு 11:59 என்று எழுதுங்கள், எந்த நாளின் நள்ளிரவு என்ற கேள்வியே வராது. இவ்வளவும் அழைப்புப் படத்திலேயே இருக்கட்டும், வாட்ஸ்அப்பில் பல நேரம் படம் மட்டும்தான் கைமாறும்.