ஆபீஸ் இரைச்சல் தாங்காம இருந்தேன், ஆக்குபேஷனல் தெரபில எனக்கு சரியானது

ஆக்குபேஷனல் தெரபி, அதாவது அன்றாட வேலைங்கள சமாளிக்க உதவுற சிகிச்சை, குழந்தைங்களுக்கு மட்டும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்லைங்க, ஆட்டிசம் இருக்குற பெரியவங்களுக்கும் இருக்கு. எனக்கு ஆபீஸ்ல ஏசி இரைச்சல், டியூப்லைட் மினுக்கல், பக்கத்து சீட் பேச்சு எல்லாம் சேர்ந்து மத்தியானத்துக்குள்ள உடம்பே இறுகிடும், வீட்டுக்கு வந்தா வாய் திறந்து பேசக்கூட முடியாது. இது பிடிவாதம் இல்ல, 2013ல வந்த டிஎஸ்எம்-5ங்கிற மனநல நோயறிதல் கையேட்டுலயே சென்சரி (புலன் உணர்வு) சிக்கல ஆட்டிசத்தோட அறிகுறிகள்ல சேர்த்துட்டாங்க.

தெரபிஸ்ட் முதல்ல 60 கேள்வி இருக்குற அடல்ட் சென்சரி ப்ரொஃபைல்ங்கிற கேள்வித்தாள் குடுத்தாங்க. சத்தமும் வெளிச்சமும்தான் எனக்கு அதிகம், ஆனா தசைக்கு அழுத்தம் கிடைச்சா அமைதியாகுறேன்னு அதுல தெரிஞ்சுது. அதனால சீட்ட லைட்டுக்கு நேர் கீழ இருந்து ஜன்னல் பக்கம் மாத்திக்கிட்டேன், மீட்டிங்குக்கு முன்னாடி ரெண்டு கையாலயும் சுவத்த நல்லா அழுத்தித் தள்ளுவேன், படில ஏறி இறங்குவேன். முக்கியமான விஷயம், தாங்க முடியாம போனப்புறம் இல்ல, அதுக்கு முன்னாடியே பிரேக் எடுக்கணும், தாடை இறுகுறதுதான் எனக்கு சிக்னல்.

இயர்பிளக் நல்லா உதவுது, ஆனா நாள் பூரா போடாதீங்க, காது அமைதிக்கே பழகி சின்ன சத்தம்கூட பெருசா தெரிய ஆரம்பிக்கும், சத்தம் அதிகமான நேரத்துக்கு மட்டும் போதும். வெயிட்டட் பிளாங்கெட் (உடம்ப அழுத்துற கனமான போர்வை) எனக்கு ஒத்துவரல, புழுங்குது. உங்களுக்கு ஒத்துவரலாம், வாங்குறதுக்கு முன்னாடி தெரபிஸ்ட்கிட்ட இருந்தா போத்திப் பாருங்க.