ராத்திரி கால் குடைச்சல்: சீட்டில் எழுதிய பெயர் சரிதானா?

"படுத்தா கால் சும்மா இருக்க மாட்டேங்குது" என்றதும் ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம் என்று எழுதி, பிரமிபெக்சோல் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள் அம்மாவை. முதலில் நன்றாகத்தான் கேட்டது. இரண்டு வருஷத்தில் பார்த்தால் ராத்திரி பத்து மணிக்கு வந்துகொண்டிருந்த குடைச்சல் சாயங்காலக் காபி நேரத்துக்கே வந்து, கைக்கும் ஏறிவிட்டது.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் கிடையாது. நீங்கள் சொல்வதை வைத்துத்தான் முடிவு, அதனால் டாக்டரிடம் போகும் முன் ஒரு வாரம் கவனித்து எழுதிவையுங்கள். காலை அசைத்தே ஆகவேண்டும் என்ற தவிப்பு வருகிறதா? சும்மா உட்கார்ந்தால், படுத்தால் கூடுகிறதா? எழுந்து நடந்தால், நடக்கிற வரைக்குமாவது, அடங்குகிறதா? பொழுது சாய்ந்த பிறகுதான் மோசமா? நாலுக்கும் ஆமாம் என்றால்தான் அந்தப் பெயர் பொருந்தும்.

நடந்தும் அடங்காத எரிச்சல், மதமதப்பு என்றால் நரம்புப் பாதிப்பாக இருக்கலாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருஷமாகப் போடுகிறவர்கள் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். கெண்டைக்கால் சதை கல்லாட்டம் இறுகினால் அது பிடிப்பு. நாளெல்லாம் நின்று வலித்து, காலைத் தலையணைமேல் தூக்கிவைத்தால் குறைந்தால் வெரிகோஸ் (கால் ரத்தக்குழாய் புடைப்பு) பக்கம் சந்தேகப்பட வேண்டும். அப்புறம், போடுகிற எல்லா மாத்திரையையும் அட்டையோடு எடுத்துப் போங்கள். வாந்திக்கான மெட்டோகுளோப்ரமைட், சளி மாத்திரையில் இருக்கும் குளோர்பெனிரமைன், மிர்ட்டாசபின் போன்ற சில மன அழுத்த மருந்துகள் எல்லாமே கால் குடைச்சலைக் கிளப்பிவிடும்.

பெயர் சரிதான் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து கேட்கவேண்டியது ஃபெரிட்டின், அதாவது உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது, ரத்தசோகை இல்லாமலே உடம்பின் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம். அம்மாவுக்கு ஃபெரிட்டின் 22 (ng/mL), ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்றே அச்சாகியிருந்தது! இந்தத் தொல்லை இருக்கும் பெரியவர்களுக்கு 75-ம் அதற்குக் கீழும் இருந்தாலே இரும்பு கொடுப்பதைப் பற்றி யோசிக்கிறார்கள். உடம்பில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும் என்பதால் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனையும் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்ற அளவு) சேர்த்துப் பார்க்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுங்கள், முந்தின நாள் இரும்பு மாத்திரை வேண்டாம். சோதிக்காமல் நீங்களாக வாங்கிப் போடவும் வேண்டாம். டாக்டர் எழுதிக் கொடுத்தால் காபி, டீக்கு ஒட்டிப் போடாதீர்கள், உடம்பில் சரியாகச் சேராது. மாத்திரை ஒத்துவராவிட்டால் ஊசி வழி இரும்பு உண்டு.

மருந்து விஷயத்தில் காற்று மாறிவிட்டது. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் 2025 வழிகாட்டுதல் கபாபென்டின், பிரிகாபலின் வகை நரம்பு மருந்துகளைத்தான் முன்னால் வைக்கிறது. பிரமிபெக்சோல், அதே வகையைச் சேர்ந்த ரோபினிரோல் இரண்டையும் வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. அம்மாவுக்கு ஆனதுதான் காரணம்: நாளாக நாளாக அந்த மருந்தே தொல்லையைச் சீக்கிரமாகவும் அதிகமாகவும் வரவைக்கிறது, அது தெரியாமல் டோஸைக் கூட்டிக்கொண்டே போவார்கள். அதற்காகப் படித்த கையோடு நிறுத்திவிடாதீர்கள், சட்டென்று விட்டால் பல ராத்திரி தூக்கமே இருக்காது. டாக்டரோடு பேசிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். கபாபென்டினுக்கும் தலைசுற்றல், பகல் தூக்கம் உண்டு, கிட்னி கோளாறு இருந்தால் அளவு மாறும், அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.