முதல் மீட்டில் சறுக்கினால்: மூத்தோர் தடகளத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மாஸ்டர்ஸ் மீட்டுகளுக்கு, அதாவது மூத்தோர் தடகளப் போட்டிகளுக்கு, அறிவிப்பு வரத் தொடங்கியதும் நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கில் காலை வேளைகளில் புதுமுகங்கள் தென்படும். வங்கி வேலையில் ஓய்வு பெற்றவர், வளைகுடாவில் சம்பாதித்துத் திரும்பியவர், கல்லூரிக் காலத்தில் பல்கலைக்கழக அளவில் ஓடியவர் என்று பலரும் வருகிறார்கள். 35 வயது நிறைந்தால் மூத்தோர் தடகளத்தில் இடம் உண்டு, ஐந்தைந்து வயதுக்கு ஒரு பிரிவு. அவர்களுடைய ஆர்வத்தைப் பார்க்க மனசு நிறைகிறது. ஆனால் எங்கள் செட்டு எந்தக் குழியில் விழுந்து எழுந்ததோ அதே குழியை நோக்கி இவர்களும் வரிசையாகப் போகும்போது சும்மா இருக்க முடியவில்லை.

தண்ணீர் குடியுங்கள், ஓடும் முன் உடம்பைச் சூடாக்குங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதவில்லை. அதைப் பள்ளிக்கூடத்து பி.டி. சாரே சொல்லிக் கொடுத்துவிட்டார்.

முதல் மீட்டில் விட்ட நேரத்தை அடுத்த வாரமே பிடிக்கப் பார்ப்பது

இதைத்தான் நீளமாகச் சொல்லப் போகிறேன். இத்தனை வருஷம் ஆகியும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். ஜூனில் ஒரு தடவை பயிற்சி விட்டுப்போகும், ஐப்பசியில் மறுபடியும் போகும். அது முடிந்து முதல் மீட்டுக்குப் போகிறவருக்கு 200 மீட்டரில் 28 விநாடி மனசில் இருக்கும், கடிகாரம் 31 காட்டும். இடைவெளி விட்டு வந்த உடம்புக்கு அது நியாயமான நேரம்தான். ஆனால் அந்த மூன்று விநாடி அவரைத் தூங்க விடாது. மறுநாளே மைதானத்துக்கு வந்து ஒன்றன்பின் ஒன்றாக முழு வேகத்தில் 200 மீட்டர் ஓடுவார். அதற்கு மறுநாளும் வருவார்.

இங்கே உடம்பின் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். ஓய்வுக்குப் பிறகு மூச்சு சில வாரத்தில் திரும்பிவிடும். தசையும் ஓரளவு சீக்கிரமே பழகிவிடும். குதிகாலையும் கெண்டைக்காலையும் இணைக்கும் நாணுக்கு மட்டும் ரத்த ஓட்டம் குறைவு. வயது ஏற ஏற அதன் நெகிழ்வும் குறைகிறது, பாரத்துக்குப் பழகப் பல மாதம் எடுத்துக்கொள்கிறது. ஆகவே மூன்றாவது, நான்காவது வாரத்தில் 'இப்போது உடம்பு நல்லா இருக்கு' என்று தோன்றும் நேரமே ஆபத்தான நேரம். தசை இழுக்கும் வேகத்தை நாண் தாங்காது.

அறிகுறி முன்னாலேயே வந்துவிடும். காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகாலுக்கு இரண்டு, மூன்று விரற்கடை மேலே விறைப்பாக இருக்கும். கொஞ்ச நேரம் நடந்தால் விட்டுவிடும். அந்த இடத்தை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்தால் வலிக்கும். சொன்னால், "சூடானா சரியாயிரும் அண்ணாச்சி" என்பார்கள். சூடானால் வலி குறைவதுதான் நாண் பழுதின் இயல்பே. அதை நம்பித்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள்.

மார்த்தாண்டம் பக்கத்துக்காரர் ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், நல்ல ஓட்டக்காரர். முதல் மீட்டில் நான்காவது வந்தார். விறைப்பு இருக்கிறது என்று அவரே சொன்னார். கொஞ்ச நாள் ஸ்பைக்கை, அந்த ஆணி வைத்த ஓட்டக் காலணியை, தொடாதீர்கள், சைக்கிள் மிதியுங்கள் என்றேன். "மாநில மீட்டு வருதுல்லா, இப்பம் நிறுத்துனா எல்லாம் போச்சு" என்றார். அந்த வாரமே ஒரு காலையில் வளைவு முடிந்து நேர்ப்பாதைக்குள் வரும்போது காய்ந்த தென்னை மட்டை ஒடிந்ததுபோல் ஒரு சத்தம், ஓரத்தில் நின்ற எங்களுக்கே கேட்டது. கீழே விழுந்தவர் கோபமாகத் திரும்பிப் பார்த்து, "எவன்டே பின்னால சவுட்டுனது?" என்று கேட்டார். அவருக்குப் பின்னால் யாரும் ஓடவில்லை. குதிநாண் அறும்போது பின்னாலிருந்து உதைத்ததுபோலத்தான் இருக்கும். பலரும் இதையேதான் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்து நடந்தது இன்னும் வேதனை. ஓடி வந்தவர்கள் எண்ணெய் போட்டு உருவ ஆரம்பித்துவிட்டார்கள். நம் மாவட்டத்து வர்ம ஆசான்மார் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அறுந்த நாணை உருவி ஒட்டவைக்க முடியாது. ஆளைக் குப்புறப் படுக்கவைத்து, பாதம் பெஞ்சுக்கு வெளியே தொங்கும்படி விட்டு, கெண்டைச் சதையை அமுக்கிப் பாருங்கள். நல்ல காலென்றால் பாதம் கீழ்நோக்கி அசையும். அசையவில்லை என்றால் நாண் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். காலை ஊன்ற விடாமல், விரல் கீழே பார்த்தபடியே அசையாமல் கட்டி, அன்றைக்கே எலும்பு மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். அந்த மனிதருக்கு அந்த சீசன் மட்டுமல்ல, அடுத்ததும் போயிற்று.

ஜெர்மானிய கோல்ஃப் வீரர் பெர்ன்ஹார்ட் லாங்கரைப் பற்றி இதனால்தான் அடிக்கடி பேசுகிறேன். 2024 சீசன் தொடங்கிய கையோடு, பிப்ரவரியில், டென்னிஸ் மாதிரியான பிக்கிள்பால் ஆடும்போது அவருக்கு இதே நாண் அறுந்தது. அப்போது வயது 66. 1985-லும் 1993-லும் வென்ற 'மாஸ்டர்ஸ்' என்ற கோல்ஃப் போட்டியில் அந்த ஏப்ரலில் கடைசியாக ஆடி விடைபெற இருந்தார், அது தவறிப்போயிற்று. மே மாதம் திரும்பி வந்தபோதும் பந்துக்குப் பந்து நடக்காமல் வண்டியில் போய்த்தான் ஆடினார். தொடக்கத்தில் வெற்றி இல்லை. நவம்பரில், சீசனின் கடைசிப் போட்டியில், கடைசிக் குழியில் சுமார் 30 அடித் தூரத்துப் பந்தை உருட்டி உள்ளே போட்டு ஜெயித்தார். மூத்தோர் சுற்றில் தொடர்ந்து 18-ஆவது ஆண்டாக வெற்றி. இதைச் சொன்னதும், மூன்று மாதத்தில் திரும்பலாமே என்று ஒருவர் கேட்டார். கூடாது. கோல்ஃப் வீசுவதும் ஓடுபாதையில் பாய்வதும் நாணுக்கு ஒரே பாரம் அல்ல. ஓட்டக்காரர் போட்டிக்குத் திரும்பப் பெரும்பாலும் 9 மாதம் முதல் ஓராண்டு ஆகும். லாங்கரிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, பிப்ரவரியில் போனதை மார்ச்சில் பிடிக்கப் பார்க்காத அந்த நிதானத்தை.

ஆகவே முதல் மீட்டை அளவெடுக்கும் ஓட்டமாக வையுங்கள். அதன்பிறகு முழு வேக ஓட்டம் வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம், நடுவில் இரண்டு நாள் இடைவெளி இருக்கட்டும். இலேசான விறைப்பு இருப்பவர்களுக்கு வீட்டு வாசற்படியே போதும்: முன்பாதத்தைப் படியின் விளிம்பில் வைத்து, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்குங்கள். மேலே வர நல்ல காலால் உந்துங்கள். முட்டியை நிமிர்த்தி 15 தடவையாக 3 சுற்று, இலேசாக மடக்கி 15 தடவையாக 3 சுற்று, காலையும் மாலையும், 12 வாரம். 1998-இல் ஸ்வீடன் மருத்துவர்கள் இந்த முறையால் வந்த பலனை வெளியிட்டார்கள். இன்றும் உலகம் முழுக்கக் கைக்கொள்ளும் சிகிச்சை இது. பாதியில் விட்டுவிடாதீர்கள்.

ஆன்டிபயாட்டிக் முடித்த கையோடு ஓடுவது

மழைக்காலத்தில் சளிக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் ஆன்டிபயாட்டிக் சாப்பிடாதவர் குறைவு. அதில் சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை மருந்துகள் நாணைப் பலவீனப்படுத்தலாம். 60 வயதைக் கடந்தவர்களுக்கும், கூடவே ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். இதற்காக 2008-இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடும் எச்சரிக்கை விடுத்தது. மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஓடுகிறேன் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள், வேறு மருந்து இருந்தால் அவர் தருவார். குடித்து முடித்த பிறகும் சில மாதம் வரை பாதிப்பு வரக்கூடும் என்பதால் வேகத்தை மெல்லக் கூட்டுங்கள்.

ஆரல்வாய்மொழிக் காற்றில் நேரம் பார்ப்பது

கணவாய்க் காற்று முதுகைத் தள்ளும்போது கிடைத்த நேரத்தை நம்பி மீட்டுக்கு வந்தால் மனசு உடையும். 100, 200 மீட்டரில் பின்காற்று விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் சாதனைக்கே கணக்கில்லை. டைரியில் எழுதும்போது காற்றையும் சேர்த்து எழுதுங்கள்.

கடற்கரைச் சரிவு

சங்குத்துறையிலும் சொத்தவிளையிலும் ஓடுவது மனசுக்கு இதம். ஆனால் இளமணலில் குதிகால் புதைந்து நாண் கூடுதலாக இழுபடும், சரிவில் ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே இருக்கும். சீசன் தொடக்கத்தில் நடக்க மட்டும் போங்கள்.

வயதுக்கு மீறிய குண்டு

குண்டு எறிதலில் ஆண்களுக்கு 50 வயதில் 6 கிலோ, 60-இல் 5 கிலோ, 70-இல் 4 கிலோ. பழைய 7.26 கிலோ குண்டைத் தூக்கிப் பழகினால் பலம் கூடும் என்று நினைத்துத் தோளைக் கெடுத்துக்கொள்கிறார்கள். வேகம்தான் தூரம் தரும். போட்டி எடையிலேயே பழகுங்கள்.

புது ஸ்பைக்

மீட் நாளில் வேண்டாம்.

ஸ்டைலை மாற்றுவது

சீசன் நடுவில் கூடவே கூடாது.

நெஞ்சு இறுக்கத்தை வாயு என்பது

ஓடும்போது வந்து, நின்றால் விடும் நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ இறங்கும் வலி, வழக்கமான வேகத்திலேயே மூச்சு முட்டுவது. இதில் எது வந்தாலும் பெருங்காயமும் சோடாவும் தேட வேண்டாம். ஓட்டத்தை அந்த இடத்திலேயே நிறுத்தி மருத்துவமனைக்குப் போங்கள். படுக்கவைத்து எடுத்த ஈ.சி.ஜி. சரியாக இருந்துவிட்டால் வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். ஓடும்போது வந்த வலி என்று சொல்லி, அடுத்து என்ன பரிசோதனை என்று கேளுங்கள். மருத்துவர் அனுமதிக்கும் வரை மைதானத்தில் நடக்கக்கூட வேண்டாம்.