நட்சத்திரத்துக்காகச் சமைக்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் இரண்டு இளம் செஃப்கள் தாங்கள் தொடங்கப்போகும் ரெஸ்டாரன்ட்டின் திட்டத்தைக் கொண்டுவந்து காட்டினார்கள். முதல் பக்கத்தில் வாங்கப்போகும் தட்டுகளின் விலைப்பட்டியல். மெனு கடைசிப் பக்கத்தில். பதினைந்து வருடங்களுக்கு முன் நான் எழுதிய திட்டமும் இதே வரிசையில்தான் இருந்தது. சுத்தம், நேரம், கத்தி பிடிக்கும் விதம் இதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். மிச்செலின் வழிகாட்டி நல்ல உணவகங்களுக்கு ஒன்று முதல் மூன்று வரை கொடுக்கும் நட்சத்திரத்துக்காக உழைக்கும்போது, தெரிந்தவர்களும் போய் விழுகிற குழிகளை மட்டும் எழுதுகிறேன்.

அலங்காரத்துக்கு நட்சத்திரம் கிடையாது

நட்சத்திரம் கொடுக்க மிச்செலின் பார்ப்பது ஐந்து விஷயங்கள்: பொருளின் தரம், சமையல் நுட்பத்தில் தேர்ச்சி, சுவைகளின் இசைவு, உணவில் தெரியும் செஃபின் ஆளுமை, மெனு முழுவதிலும், நாளானாலும் மாறாத தரம். ஐந்துமே தட்டுக்குள் இருப்பவை. 2016இல் சிங்கப்பூரில் இரண்டு ஹாக்கர் கடைகள், அதாவது எளிய மலிவு விலை உணவுக் கடைகள், நட்சத்திரம் வாங்கின. மூன்று மணி நேரம் உட்காரப்போகிறவருக்கு நல்ல நாற்காலி வேண்டும்தான், அது விருந்தோம்பல். ஆனால் கடன் வாங்கி விளக்கு மாட்டிவிட்டு, நல்ல மீன் வாங்கக் காசில்லாமல் நின்றவன் நான். அந்த நிலை உங்களுக்கு வேண்டாம்.

இரண்டு விருதுகளை ஒன்றாக நினைக்காதீர்கள்

மிச்செலினுக்காகச் சாப்பிட்டுப் பார்க்க வருகிற இன்ஸ்பெக்டர்கள் அந்த நிறுவனத்தின் முழுநேர ஊழியர்கள். யாரென்று சொல்லாமல் வந்து, பில்லைக் கட்டிவிட்டுப் போவார்கள். 2002இல் தொடங்கிய 'உலகின் 50 சிறந்த உணவகங்கள்' பட்டியல் வேறு வகை. செஃப்கள், உணவு எழுத்தாளர்கள், நாடு நாடாகப் போய்ச் சாப்பிடும் ஆர்வலர்கள் என ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போடும் ஓட்டு அது. இதற்கு இன்னின்ன அளவுகோல் என்று எழுதிவைத்தது எதுவும் இல்லை.

இன்ஸ்பெக்டர் மேசை

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது.

ஒரு நாள் இரவு ஒருவர் தனியாக வந்தார். தண்ணீர்க் குவளையைத் தூக்கிப் பார்த்தார், ஏதோ குறித்துக்கொண்டார். சர்வர் உள்ளே ஓடிவந்து, "செஃப், ஏழாம் மேசை... அவராகத்தான் இருக்கும்" என்றான். பாஸில், அதாவது தட்டுகள் கிச்சனை விட்டு வெளியே போகும் மேடையில் நின்று, எல்லாத் தட்டையும் பார்த்து அனுப்ப வேண்டிய நான், அடுப்பருகே போய் அந்த ஒரு மேசைக்கு மீன் வாட்டினேன். சாஸ் பார்க்கும் பையனையும் என் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டேன். மற்ற மேசைகளுக்கு என்ன போகிறது என்று பார்க்க ஆளில்லை. வெண்ணெய் சாஸ் திரிந்துவிட்டது. அப்படியே ஊற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

மூன்றாம் மேசையில் ஓர் அம்மாவும் மகளும். முந்தைய வருடம் அதே மீனைச் சாப்பிட்டவர்கள். இரண்டு மாதம் காத்திருந்து மறுபடி வந்திருந்தார்கள். பாதித் தட்டு திரும்பி வந்தது. "போன தடவை சாப்பிட்டது இது இல்லையே" என்று சர்வரிடம் சொன்னார்களாம். அதற்குப் பிறகு அவர்கள் வரவே இல்லை.

ஏழாம் மேசைக்காரர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒருவேளை மூன்றாம் மேசையில் இருந்தவர்தான் இன்ஸ்பெக்டராக இருந்திருந்தால் என்று நண்பர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்வியிலும் அதே தவறுதான் இருக்கிறது. அவர்கள் யாராக இருந்தாலும் திரிந்த சாஸ் போயிருக்கக் கூடாது.

கணக்காகப் பார்த்தாலும் இது உதவாது. நட்சத்திரம் ஒரே வருகையில் முடிவாவதில்லை. வேறு வேறு ஆட்கள், வேறு வேறு நாட்களில் வந்து சாப்பிட்டு, கூடிப் பேசித்தான் முடிவெடுக்கிறார்கள். ஒரு மேசைக்கு மட்டும் அமைந்த மீனை வைத்து என்ன செய்ய முடியும்?

இப்போது சர்வீஸ் முடியும்வரை நான் பாஸை விட்டு நகர்வதில்லை. வந்திருப்பவர் யார் என்று கிச்சனுக்குள் யாரும் சொல்லக் கூடாது. மேசை எண்ணும் ஒவ்வாமைக் குறிப்பும் போதும். ஒவ்வொரு சாஸுக்கும் எடை கிராமில் எழுதியிருக்கும். அதைச் செய்தவரைத் தவிர இன்னொருவரும் ருசி பார்த்த பிறகே தட்டில் விழும்.

அந்த இளைஞர்களின் திட்டத்தில் 'இன்ஸ்பெக்டரை அடையாளம் காண்பது எப்படி' என்று ஒரு பக்கமே இருந்தது. அதை என் கண்முன்னே கிழிக்கச் சொன்னேன்.

கோர்ஸ்களின் எண்ணிக்கை

ஒரு சாப்பாட்டில் வரிசையாக வரும் எட்டு கோர்ஸ்களைச் சரியாகத் தர முடியாத கிச்சன் பன்னிரண்டைத் தொட வேண்டாம்.

"நான் நட்சத்திர செஃப்"

இல்லை. நட்சத்திரம் ரெஸ்டாரன்ட்டுக்கு. நீங்கள் வேலை மாறினால் அது உங்களோடு வராது.

வேண்டாமென்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைப்பது

2017இல் பிரான்சின் செஃப் செபாஸ்டியன் பிராஸ், இந்த அழுத்தம் போதும், என் ரெஸ்டாரன்ட்டை வழிகாட்டியில் சேர்க்காமல் விட்டுவிடுங்கள் என்று மிச்செலினிடம் கேட்டார். அப்போது அதற்கு மூன்று நட்சத்திரம். 2018ஆம் ஆண்டு வழிகாட்டியில் அதைச் சேர்க்கவில்லை. 2019 வழிகாட்டியில், அவர் கேட்காமலேயே, இரண்டு நட்சத்திரங்களோடு மறுபடி சேர்த்துவிட்டார்கள்.