மரத்தடியில் யாரையும் உட்கார வைக்காதீர்கள்

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன். விளையாட்டுப் பாடவேளை வந்தால் மாற்றுத்திறனாளிப் பிள்ளையை ஸ்கோர் எழுதச் சொல்லி மரத்தடியில் உட்கார வைப்பது நம் பள்ளிகளில் ஊறிப்போன வழக்கம். "பாவம் சார், விழுந்துவிட்டால்?" என்று சக ஆசிரியர்களே தடுப்பார்கள். அந்தப் பரிவுதான் பிள்ளையின் ஆட்டத்தைப் பறிக்கிறது. மற்றவர்களுக்குச் சமமான விளையாட்டு வாய்ப்பை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவே வலியுறுத்துகிறது.

முதலில் பிள்ளையிடமே பேசுங்கள்: "தெருவில் என்ன விளையாடுவாய்?" பிறகு பெற்றோரிடம் வலிப்பு, இதயக் கோளாறு, அறுவை சிகிச்சை பற்றிக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பார்வை குறைந்த பிள்ளை இருந்தால் பந்தை பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டுங்கள். உருளும்போது சரசரக்கும், அந்தச் சத்தம் போதும். சுண்ணாம்புக் கோட்டுக்குப் பதில் தேங்காய் நார்க் கயிற்றைத் தரையோடு பதித்தால் வெறும் காலுக்கு எல்லை தெரியும். ஓட்டத்துக்கு ஒரு துணிப்பட்டையின் இரு முனைகளை இருவர் பிடித்துக்கொள்ளட்டும். துணைக்கு ஓடுபவர் பக்கத்திலேயே ஓட வேண்டும், முன்னால் இழுக்கக் கூடாது.

கால் பாதிப்பு உள்ள பிள்ளைக்காக வகுப்பு முழுவதையும் உட்கார வைத்துக் கைப்பந்து ஆடச் சொல்லுங்கள். பாராலிம்பிக்கில் ஆண்களுக்கான வலை உயரம் 1.15 மீட்டர், உங்களுக்கு இரண்டு கம்பும் ஒரு கயிறும் போதும். எங்கள் பள்ளியில் ஊன்றுகோல் வைத்திருக்கும் எட்டாம் வகுப்பு மாணவன் கைகளை ஊன்றிச் சர்ரென்று நகர்ந்து பந்தை எடுத்தபோது, கபடி அணித் தலைவன் இருந்த இடத்திலேயே திணறினான். மறுநாள் அணி பிரிக்கையில் அந்த எட்டாம் வகுப்பு மாணவனை இரு தரப்பும் கேட்டன. சக ஆசிரியர்களின் மனத்தை மாற்ற நான் கண்ட நல்ல வழியும் இதுதான்: வாதாடாமல், ஒரு நாள் மைதானத்துக்கு அழைத்துவந்து காட்டுங்கள்.

காது கேளாதவர்களுக்கு விசிலோடு சிவப்புக் கொடியையும் உயர்த்துங்கள். சூரியனை முதுகில் வைத்து நின்று பேசாதீர்கள். உங்கள் உதடு தெரியாது.

அறுபது பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர் என்ற நெருக்கடி எனக்கும் உண்டு. அதனால் வாரம் ஒரு ஆட்டத்தில் ஒரே ஒரு விதியை மாற்றுங்கள். கால் பாதிப்புள்ள மாரியப்பன் தங்கவேலுவை உயரம் தாண்டத் தூண்டியவர் அவருடைய பள்ளி உடற்கல்வி ஆசிரியர். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் அவருக்குத் தங்கம் வந்தது. ஆனால் பதக்கத்தை எண்ணித் தொடங்காதீர்கள். வியர்க்க விளையாடும் உரிமை எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. மதிப்பெண் போடும்போது அந்தப் பிள்ளையின் போன மாதத் தூரத்தோடு இந்த மாதத் தூரத்தை ஒப்பிடுங்கள்.