கப்பல் போன்ற கார்கள்: பழைய அமெரிக்க விளம்பரங்களை உற்றுப் பார்ப்பது எப்படி?

காடிலாக் என்ற அமெரிக்கச் சொகுசுக் காரின் 1959 விளம்பரம் ஒன்றைக் கையில் எடுத்தால் முதலில் கண்ணில் படுவது நீளம்தான். பக்கத்தின் இந்த ஓரத்தில் தொடங்கி அந்த ஓரம் வரை வண்டி போய்க்கொண்டே இருக்கும். பின்னால் வானத்தைக் குத்துவது போல, மீனுக்கு இருக்கிற மாதிரி இரண்டு துடுப்புகள், ஒவ்வொன்றிலும் தோட்டா வடிவில் இரண்டிரண்டு சிவப்பு விளக்குகள். "அடேயப்பா!" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். போகாமல் அதே பக்கத்தோடு பத்து நிமிடம் உட்கார்ந்தால் எவ்வளவோ கிடைக்கும். எப்படி உட்காருவது, எங்கே பார்ப்பது என்று புதிதாக ஆரம்பிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விளம்பர ஓவியர் வண்டியை நீட்டுவார், அகலமாக்குவார், தரையோடு தரையாகத் தாழ்த்துவார். ஆனால் ஹெட்லைட் எத்தனை, டயரின் வெள்ளைப் பட்டை எவ்வளவு அகலம், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது போன்றவற்றில் பெரும்பாலும் கை வைக்க மாட்டார். படத்தில் பார்த்த வண்டியை ஷோரூமில் பார்க்கும்போது அடையாளம் தெரிய வேண்டுமே! அதனால் அளவைச் சந்தேகப்படுங்கள், உறுப்புகளை நம்புங்கள்.

படி 1: நல்ல பிரதி

அசல் பத்திரிகைத் தாள் கிடைத்தால் ஒரு பூதக்கண்ணாடி போதும். ஸ்கேன் என்றால் பெரிதாக்கினாலும் பொடி எழுத்தை வாசிக்க முடிகிற கோப்பாகத் தேடுங்கள். ஓரம் வெட்டிய படங்கள் வேண்டாம், பாதித் தகவல் ஓரத்தில்தான் இருக்கும்.

படி 2: ஓவியமா, புகைப்படமா?

இதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். நிழல்கள் மிருதுவாக இருந்து, குரோமியத்தில் வானமும் மரமும் ஒழுங்காகப் பிரதிபலித்தால் பெரும்பாலும் ஓவியம்.

ஓவியம் என்றால் போன்டியாக் விளம்பரங்களை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். போன்டியாக் உச்சத்துச் சொகுசு வரிசை இல்லைதான், ஆனால் பெரிய வண்டி. 1959 முதல் 1971 வரை அவற்றை வரைந்தவர்கள் ஆர்ட் ஃபிட்ஸ்பாட்ரிக், வான் காஃப்மன் என்ற இருவர். ஃபிட்ஸ்பாட்ரிக் வண்டியை வரைவார், காஃப்மன் மனிதர்களையும் பின்னணியையும் வரைவார். படத்தின் ஓரத்தில் 'ஏஎஃப்', 'விகே' என்ற எழுத்துகள் சின்னதாக இருக்கும். அந்த வண்டிகள் சாலையையே அடைத்துக்கொண்டு வருகிற மாதிரி அகலமாகத் தெரியும். அது வேண்டுமென்றே செய்த வேலை. எனக்கு அந்தப் படங்கள் மிகவும் பிடிக்கும். பொய் என்று தெரிந்தும் பிடிக்கும்.

படி 3: ஸ்கேலை எடுங்கள்

வண்டியை எவ்வளவு நீட்டியிருக்கிறார்கள் என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். பக்கவாட்டில் நேராக நிற்கும் படமாக எடுத்துக்கொள்ளுங்கள். சாய்ந்த கோணத்தில் இந்தக் கணக்கு சரிவராது.

முன் டயரின் விட்டத்தை அளக்கவும். மேல் விளிம்பு மட்கார்டுக்குள் மறைந்திருந்தால், சக்கர மையத்திலிருந்து தரை வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். அப்புறம் முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை அளக்கவும். இதைத்தான் வீல்பேஸ் என்கிறார்கள். இரண்டாவதை முதலாவதால் வகுங்கள்.

1959 காடிலாக்கின் வழக்கமான மாடல்களுக்கு நிஜ வீல்பேஸ் 130 அங்குலம். டயர் விட்டம் ஏறத்தாழ 28 அங்குலம். ஆக, விடை 4.6 பக்கத்தில் வர வேண்டும். ஐந்தைத் தாண்டினால் ஓவியர் தாராளமாக நீட்டியிருக்கிறார் என்று அர்த்தம். அதே கையோடு உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆட்களின் தலையையும் பாருங்கள். வண்டியைப் பெரிதாகக் காட்ட மனிதரைச் சிறிதாக்குவது பழைய உத்தி.

நிஜத்திலேயே அந்த வண்டி 225 அங்குலம், அதாவது பதினெட்டே முக்கால் அடி. அதற்கு மேலும் நீட்ட வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே!

படி 4: ஆண்டைக் கண்டுபிடித்தல்

இதுதான் ருசியான பகுதி. விளக்குகளிலிருந்து தொடங்குங்கள். முன்னால் இரண்டே ஹெட்லைட் என்றால் பெரும்பாலும் 1957 அல்லது அதற்கு முன். 1957-இல் சில வண்டிகளில் நான்கு வந்துவிட்டன. 1958 மாடல்களில் கிட்டத்தட்ட எல்லா அமெரிக்க வண்டிகளுக்கும் நான்கு. காடிலாக்கில் அந்த நான்கும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி இருந்தால் 1965 முதல் 1968 வரை. முன், பின் மட்கார்டுகளின் பக்கவாட்டில் சின்ன விளக்கோ பிரதிபலிப்பானோ இருந்தால் 1968 அல்லது பிறகு, ஏனென்றால் அந்த ஆண்டுதான் அமெரிக்க அரசு அதைக் கட்டாயமாக்கியது.

அடுத்து டயர். வெள்ளைப் பட்டை கை அகலத்துக்கு இருந்தால் பெரும்பாலும் 1961 வரை. 1962 மாடல்களிலிருந்து அது சுமார் ஓர் அங்குலக் கோடாக மெலிந்துவிட்டது.

காடிலாக்கின் வால்துடுப்பு தனிக் கதை. லாக்ஹீட் பி-38 போர் விமானத்தைப் பார்த்து காடிலாக்கைத் தயாரிக்கும் ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்லின் குழு உருவாக்கியது அது. 1948-இல் சின்ன மேடாகத் தொடங்கி, 1959-இல் உச்சத்துக்குப் போய், 1960 முதல் தணிந்து, 1965-இல் ஏறக்குறைய காணாமல் போனது. துடுப்பின் உயரத்தை மட்டும் வைத்தே ஆண்டைச் சொல்லும் பழக்கம் சீக்கிரம் வந்துவிடும். ஐம்பதுகளின் காடிலாக் படத்தில் பெட்ரோல் மூடியைத் தேடிக் களைத்துவிடாதீர்கள். 1941 முதல் 1958 வரை அது இடது பின்விளக்குக்கு அடியில் ஒளிந்திருந்தது. விளக்கைத் தூக்கினால்தான் தெரியும்.

டாஷ்போர்டு தெரிகிற படமா? இடது ஓரத்தில், மேலே, சின்னத் துப்பாக்கி மாதிரி ஒன்று நிற்கிறதா பாருங்கள். அது ஆட்ரானிக் ஐ. எதிரே வண்டி வந்தால் ஹெட்லைட்டைத் தானே தணிக்கும் கருவி. 1952-இல் வந்தது. அதே காலத்துப் படத்தில் பின் இருக்கைக்குப் பின்னாலிருந்து கூரையை நோக்கி ஒளி ஊடுருவும் குழாய்கள் ஏறினால், அந்த வண்டியில் ஏசி இருக்கிறது. இயந்திரத்தின் ஒரு பகுதி டிக்கிக்குள் இருந்ததால் குளிர்காற்று பின்னாலிருந்து வந்தது.

ஃபோர்டின் சொகுசுக் காரான லிங்கன் கான்டினென்டலில் கதவைப் பாருங்கள். 1961 முதல் வந்த நான்கு கதவு மாடலில் பின்கதவின் கீல் பின்பக்கம் இருக்கும். இரண்டு கதவையும் திறந்தால் அலமாரி திறந்த மாதிரி இருக்கும். துணிக் கூரையோடு நான்கு கதவும் இருந்தால் 1961 முதல் 1967 வரை. 1961-இல் வந்த இந்த லிங்கன், முந்தைய ஆண்டு மாடலைவிட நீளத்தில் சுமார் 15 அங்குலம் குறைவு. பெரியதே சிறந்தது என்றிருந்த ஊரில் எல்வுட் எங்கெல் வரைந்த இந்த அளவான வண்டிதான், என் கண்ணுக்கு, அந்தக் காலத்திலேயே அழகானது.

கிரைஸ்லரின் சொகுசுக் காரான இம்பீரியலுக்கு ஒரே அடையாளம் போதும்: 1961 முதல் 1963 வரை ஹெட்லைட்டுகள் உடம்போடு ஒட்டாமல் சின்னக் காம்பில் தனித்தனியாக நிற்கும்.

இங்கே புதியவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் புது மாடல்கள் முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே வந்துவிடும். 1958 அக்டோபர் பத்திரிகையில் இருப்பது 1959 வண்டியாக இருக்கலாம். பத்திரிகைத் தேதி வேறு, மாடல் ஆண்டு வேறு.

படி 5: பொடி எழுத்து

பக்கத்தின் அடியில் எறும்பு ஊர்வது போல ஒரு வரி ஓடும். வெள்ளைப் பட்டை டயருக்குத் தனிக் காசு என்று பல விளம்பரங்களில் அங்கேதான் சொல்லியிருப்பார்கள். ஐம்பதுகளின் காடிலாக் விளம்பரங்களில் மேலே வைரத்தில் இழைத்த 'வி' சின்னம் மின்னும். அதைச் செய்த நகை நிறுவனம் கார்ட்டியேவா, ஹாரி வின்ஸ்டனா, வான் க்ளீஃப் அண்டு ஆர்பெல்ஸா என்பதும் பொடி எழுத்தில்தான் இருக்கும்.

குதிரைத்திறன் எண்ணைக் கண்டால் நிதானியுங்கள். 1971 காடிலாக் எல்டோராடோவுக்கு 365, அடுத்த ஆண்டு 235. எஞ்சின் அதே 500 கன அங்குலம். மாறியது அளக்கும் முறை: முன்பு துணைக் கருவிகள் இல்லாத எஞ்சினை அளந்தார்கள், பிறகு வண்டியில் பொருத்திய நிலையில் இருக்கிற மாதிரி அளந்தார்கள்.

படி 6: யார் இருக்கிறார்கள், யார் இல்லை?

ஹோட்டல் வாசலில் கதவைத் திறந்து பிடிக்கும் சீருடைக்காரர், நீண்ட கவுன் அணிந்த பெண், கோட் போட்ட கணவர். இவர்களின் உடை, வீடு, நிற்கும் விதம் எல்லாம் வாங்குபவர் யார் என்று நிறுவனம் நினைத்ததைச் சொல்லும். ஓட்டுநர் இருக்கையில் யார் என்று தவறாமல் பாருங்கள்.

பிறகு, இல்லாதவர்களைத் தேடுங்கள். பெரிய பத்திரிகைகளில் வந்த ஐம்பதுகளின் சொகுசு விளம்பரங்களில் கறுப்பின மக்கள் காரின் சொந்தக்காரர்களாக வருவதைக் காண்பது அரிது. ஆனால் அவர்கள் காடிலாக் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். முப்பதுகளின் தொடக்கம் வரை அவர்களுக்கு விற்பதில்லை என்பதே நிறுவனத்தின் கொள்கை. பணம் இருந்தவர்கள் வெள்ளையர் ஒருவரை முன்னிறுத்தி வாங்க வேண்டியிருந்தது. நிக்கோலஸ் டிரைஸ்டாட் என்ற காடிலாக் அதிகாரி வாதாடி அதை மாற்றினார். 1949 செப்டம்பரில் கறுப்பின வாசகர்களுக்கான 'எபனி' இதழ், கறுப்பின மக்கள் ஏன் காடிலாக் ஓட்டுகிறார்கள் என்று ஒரு தலையங்கமே எழுதியது. இதைத் தெரிந்துகொண்டு அந்த ஹோட்டல் வாசல் படத்துக்குத் திரும்பி வந்தால், படம் முன்பு போல இருக்காது.

படி 7: தாளைத் திருப்புங்கள்

அசல் தாள் கையில் இருந்தால் பின்பக்கத்தையும் படியுங்கள். பாதிக் கட்டுரையோ, வேறொரு விளம்பரமோ, பக்க அடியில் மாதமும் ஆண்டுமோ அங்கே இருக்கலாம். கண்டுபிடித்ததைத் தனிச் சீட்டில் எழுதித் தாளோடு வையுங்கள்: பத்திரிகைத் தேதி, மாடல் ஆண்டு, சக்கரக் கணக்கில் வந்த எண். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை பக்கத்துத் தாளில் இறங்கிவிடும்.